17/25 எதை எண்ணுகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதிமூன்று வயது மகன் ஆட்டக்காரர் படம் போட்ட பேஸ்பால் கார்டுகள் சேர்க்கிறான். விற்பவர் ஒருவர் டாப்ஸ் நிறுவனத்தின் குரோம் வரிசையில் ஆரஞ்சு கார்டு ஒன்றைக் காட்டுகிறார். 17/25 என்று எண் இருக்கிறது. கார்டுகளைத் தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனம் உச்ச மதிப்பெண்ணான 10 கொடுத்து, ஸ்லாப் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் அடைத்தது. "இந்தத் தரத்தில் உலகத்திலேயே மூன்றுதான்" என்கிறார். அவன் சேமிப்பு மொத்தமும் போய்விடும். எண்ணையும் ஸ்லாபையும் நம்பி வாங்கலாமா?

ம., நியூஜெர்சி

அன்புள்ள ம.,

25 என்பது ஆரஞ்சு நிறத்தில் மட்டும் அச்சிட்ட எண்ணிக்கை. அந்த ஆட்டக்காரரின் அதே படம் நீலத்தில் 150, பச்சையில் 99, தங்கத்தில் 50, சிவப்பில் 5, சூப்பர்ஃப்ராக்டர் என்ற உச்ச வகையில் 1 என்று வரும். ஆரஞ்சோடு சேர்த்தால் இவை மட்டுமே 330 ஆகிவிடுகின்றன. இவற்றோடு எண்ணே இல்லாத ரிஃப்ராக்டர்கள் (வானவில் நிறங்களில் மின்னும் கார்டுகள்) வேறு. அச்சுக்குப் பயன்பட்ட நான்கு நிறத் தகடுகளையும் வெட்டி, ஒவ்வொன்றிலும் 1/1 என்று போட்டு விற்பனைப் பாக்கெட்டுக்குள் வைக்கிறார்கள். ஒரே படத்துக்கு ஐந்து 'ஒன்றே ஒன்று'! பொய் இல்லைதான், ஆனால் கெட்டிக்காரத்தனம்.

'மூன்றுதான்' என்பதையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். எந்தக் கார்டு எந்தத் தரத்தில் எத்தனை என்று சொல்லும் பிஎஸ்ஏயின் பாப்புலேஷன் ரிப்போர்ட், அவர்களிடம் வந்தவற்றை மட்டும் எண்ணுகிறது. 25இல் நான்கே போய், அதில் மூன்று 10 வாங்கியிருக்கலாம். மற்றவை யார் வீட்டு டப்பாவிலோ கிடக்கும். மறுபக்கம், 9 வாங்கியதை உடைத்தெடுத்துத் திரும்ப அனுப்புகிறவர்களும் உண்டு. பழைய லேபிளைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே கார்டு இரண்டாகக் கணக்கில் ஏறும். 10 என்றாலே அரிது என்றும் இல்லை. அப்பர் டெக் நிறுவனம் 1989இல் போட்ட கென் கிரிஃபி ஜூனியரின் ரூக்கி (அறிமுக ஆண்டு) கார்டில் 10 வாங்கியவையே 4,000க்கு மேல். அதையும் ஆசையாகத்தான் வாங்குகிறார்கள்.

தரம் பார்க்கிறவர்களும் தவறுவார்கள். பிஎஸ்ஏ முதன்முதலில் தரமிட்டது, டி206 என்ற பழைய வரிசையில் வந்த ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னரின் கார்டு. 8 கொடுத்தார்கள். அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். ஓரத்தைச் சீவினால் மழுங்கிய முனை கூராகிவிடும், மதிப்பெண் ஏறும்.

அப்படியானால் அந்த 17 எதற்கு? அரிது என்று நிரூபிக்க அல்ல, இந்தக் கார்டை அடையாளம் காண. உலகத்தில் இந்தப் படத்தின் 17/25 ஆரஞ்சு ஒன்றுதான் இருக்க வேண்டும். பழைய ஏலப் படங்களில் அந்த எண்ணைத் தேடுங்கள். ஸ்லாபுக்குள் போகும் முன் விற்ற படம் கிடைத்தால், முனைகளையும் நான்கு பக்க ஓர அகலத்தையும் ஒப்பிடுங்கள். அன்று மழுங்கியிருந்த முனை இன்று கூராக இருந்தால் விட்டுவிடுங்கள். 2019இல் சேகரிப்பாளர்கள் பல வெட்டுகளைப் பிடித்தது இப்படி முன்-பின் படங்களை வைத்துத்தான்.

அடுத்து, லேபிளிலுள்ள சான்று எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள். விவரம் பொருந்தினால் மட்டும் போதாது. போலி ஸ்லாப் செய்கிறவன் உண்மையான சான்று எண்ணைத்தான் திருடுவான். தளத்தில் படம் இருந்தால் அதிலும் 17/25 தெரிகிறதா, அச்சுப் புள்ளிகள் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்லாபின் விளிம்பில் வெள்ளைத் தழும்போ கீறலோ இருந்தால் யாரோ திறக்க முயன்றிருக்கிறார்கள். 17/25 என்ற எண் ஃபாயிலில் (மின்னும் தாளில்) அழுத்தியது. விளக்கடியில் சாய்த்தால் மின்னும். அதே ஆண்டில் 25 மட்டுமே அச்சிட்ட இன்னொரு கார்டோடு எழுத்துருவையும் இடத்தையும் ஒப்பிடுங்கள்.

பழைய காகிதக் கார்டு வாங்குகிற நாளில் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் (உருப்பெருக்கி) ஒன்று தேவைப்படும். கறுப்பு எழுத்துக்குள் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் ஸ்கேன் செய்து அச்சடித்த நகல். குரோமில் இந்தச் சோதனையை அவ்வளவு நம்ப முடியாது.

விற்பவர் 17ஐ முன்வைத்து விலை ஏற்றினால், அது அந்த ஆட்டக்காரரின் சட்டை எண்ணா என்று கேளுங்கள். இல்லையென்றால் 17க்கும் 16க்கும் வித்தியாசமில்லை. ஸ்லாபின் முன்பக்க, பின்பக்கப் படங்களைப் பெரிய அளவில் தரத் தயங்கினாலும், பணம் திரும்பக் கேட்க வழியில்லாத முறையில் கட்டச் சொன்னாலும் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பையனுக்கு அந்த ஆட்டக்காரர்தான் முக்கியம் என்றால், 150இல் ஒரு நீலம் அதே படத்தோடு பெரும்பாலும் மலிவாகவே கிடைக்கும்.