கம்பெனி கைவிட்ட ரவுட்டர்

கேள்வி: வேலூர் காந்தி ரோட்டில் சின்ன லாட்ஜ் நடத்துகிறேன். சி.எம்.சி.க்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்கள்தான் தங்குகிறார்கள். எங்கள் ரவுட்டருக்குக் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டது. தம்பி மகன், ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. போட்டுத் தருகிறேன்’ என்கிறான். கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாக ரவுட்டரில் போடும் இலவச மென்பொருளாம் அது. அதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறதாமே, திருடனுக்கு அது வசதியாகிவிடாதா?

பதில்: திருடனுக்கு நிரலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, அம்மா. 2016-ல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. கம்பெனியே வைத்து அனுப்பிய பெயர், பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். காட்பாடியில் என் மேஜைக்கு ரிப்பேருக்கு வரும் பெட்டிகள் பலவற்றில் இன்றைக்கும் ‘அட்மின்’தான் இரண்டுக்கும்.

திறந்த நிரலிலும் ஓட்டை உண்டு. 2014-ல் தெரியவந்த ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத்தில் தகவலை மறையாக்கி அனுப்ப உதவும், எல்லோரும் படிக்கக்கூடிய ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் இரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. ஆனால் தெரிந்தபின் யார் அடைப்பது என்பதுதான் முக்கியம். பூட்டிய ஃபர்ம்வேரை, அதாவது நிரலை வெளியே காட்டாமல் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை, கம்பெனி மட்டும்தான் திருத்த முடியும். அது கைவிட்டால் ஓட்டை அப்படியே கிடக்கும். உங்கள் விருந்தினர்கள் ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்புவதும் பணம் கட்டுவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான். எனக்கு அதுதான் கவலை. 2003-ல் லிங்க்சிஸ் என்ற கம்பெனி தன் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரவுட்டரின் நிரலை, ‘இந்த நிரலை எடுத்து விற்பவர் அதை வெளியே தர வேண்டும்’ என்னும் ஜி.பி.எல். உரிமத்துக்குக் கட்டுப்பட்டு வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்ததுதான் தம்பி மகன் சொல்லும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பல ரவுட்டர்களில் வைஃபை சிப்புக்குள் ஓடும் நிரல் மட்டும் அதைப் போட்ட பிறகும் பூட்டியே இருக்கும்.

சரி, போடும் முன் ரவுட்டரைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘வி1’, ‘வி3’ என்று பெட்டியின் பதிப்பு எண் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் மாறியிருக்கலாம், வேறு பதிப்பின் ஃபைலை ஏற்றினால் பெட்டி செத்துவிடலாம். மென்பொருளைச் சேமிக்கும் ஃபிளாஷ் 4 எம்.பி., வேலை செய்யும்போது பயன்படும் ரேம் 32 எம்.பி. என்றால் இப்போதைய ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஓடாது. ஏற்றும்போது லேன் கேபிளும் யு.பி.எஸ்.ஸும் கட்டாயம், நடுவில் கரண்ட் போகக் கூடாது. ஃபைபர்காரர்கள் கொடுத்த பெட்டியைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. தானாக அப்டேட் ஆகாது. புதுப் பதிப்பு வரும்போது ஒருவர் உட்கார்ந்து ஏற்ற வேண்டும். தம்பி மகன் உள்ளூரிலேயே இருப்பார் என்றால் தயங்காமல் போடச் சொல்லுங்கள். வெளியூர் வேலைக்குப் போகிறவர் என்றால், எந்த வருடம் வரை அப்டேட் தருவோம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லும் புது ரவுட்டரை வாங்கிவிடுங்கள்.