டெபியனில் ஸ்டேபிளும் டெஸ்டிங்கும் கலந்தால்: ஆப்ட் முன்னுரிமை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டெபியன் லினக்ஸ் 13இல் (ஸ்டேபிள், அதாவது நிலையான வெளியீடு) ஒரே ஒரு பேக்கேஜ் புதிதாக வேண்டும் என்று டெஸ்டிங் ரிப்போவை (அடுத்த வெளியீட்டுக்காகச் சோதனையில் இருக்கும் பேக்கேஜ்களின் களஞ்சியம்) சேர்த்தேன். அப்கிரேட் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் வரிசை கட்டுகிறது. ஏன்?

பதில்: முதலில் 'வேண்டாம்' கொடுத்து வெளியே வந்துவிடுங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் ஸ்டேபிள், டெஸ்டிங் இரண்டு ரிப்போவுக்கும் தரும் முன்னுரிமை 500தான். எண் சமமானால் ஆப்ட் புதிய பதிப்பை எடுக்கும். டெஸ்டிங்கில் பெரும்பாலானவை புதிது. பிரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் ஒரு கோப்பு போட்டு மூன்று வரி எழுதுங்கள்: பேக்கேஜ் வரியில் நட்சத்திரக் குறி, 'பின்' (Pin) வரியில் டெஸ்டிங் வெளியீடு, பின்-பிரையாரிட்டி வரியில் 100. அப்புறம் 'ஆப்ட் பாலிசி' கட்டளையைப் பேக்கேஜ் பெயரோடு ஓட்டுங்கள். 'கேண்டிடேட்' வரியில் தெரிவதுதான் நிறுவப்படும் பதிப்பு. இதைப் பார்க்காமல் இன்ஸ்டால் கொடுக்கவே கூடாது.

கேள்வி: டெஸ்டிங்குக்கு 100க்குப் பதில் 50 போடச் சொல்கிறார்களே?

பதில்: நிறுவியிருக்கும் பதிப்புக்கு ஆப்ட் தரும் எண் 100. டெஸ்டிங்குக்கு 50 போட்டால், அங்கிருந்து எடுத்த பேக்கேஜுக்கு அடுத்து வரும் திருத்தங்கள் தானாக வராது, பாதுகாப்புத் திருத்தம் உட்பட. இது எனக்குப் பெரிய விஷயம். 100 என்றால் வரும். மற்றவை ஸ்டேபிளின் 500ஐயே பின்பற்றும். பேக்போர்ட்ஸ் ரிப்போ (புதிய பதிப்புகளை ஸ்டேபிளுக்காகத் தருவது) இயல்பாகவே 100இல் இருப்பது இதற்காகத்தான்.

கேள்வி: டெஸ்டிங்கைக் குறிப்பிட்டு '-டி' ஆப்ஷனோடு நிறுவினால் லிப்சி6 (அடிப்படை சி நூலகம்) வரை இழுக்கிறது.

பதில்: அந்த ஆப்ஷன் அந்த ஒரு கட்டளைக்கு டெஸ்டிங் முழுவதையும் 990க்கு ஏற்றிவிடும். அதனால் சார்ந்த பேக்கேஜ்களும் அங்கிருந்தே வரும். பட்டியலில் லிப்சி6 தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கணினியில் ஏறக்குறைய எல்லாமே அதன்மேல்தான் ஓடுகிறது, பழைய பதிப்புக்குத் திரும்புவது பெரும்பாடு. முதலில் பேக்போர்ட்ஸில் தேடுங்கள். அங்கே இருப்பவை ஸ்டேபிளுக்கென்றே மறுபடி கம்பைல் செய்யப்பட்டவை. அங்கும் இல்லையென்றால் டெஸ்டிங் கன்டெய்னர் (கணினியிலிருந்து தனித்து ஓடும் சூழல்) ஒன்றுக்குள் ஓட்டுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் மொசில்லா ரிப்போவைச் சேர்த்தும் ஸ்னாப் (உபுண்டுவின் தனி பேக்கேஜ் வடிவம்) ஃபயர்பாக்ஸே வருகிறது.

பதில்: உபுண்டுவின் பேக்கேஜுடைய பதிப்பு எண் '1:1ஸ்னாப்1' என்று தொடங்கும். முன்னால் உள்ள அந்த '1:' இருப்பதால், மொசில்லாவின் எண் எவ்வளவு பெரிதானாலும் ஆப்ட் கணக்கில் அது பழையதுதான். மொசில்லா ரிப்போவுக்கு 1000 போடுங்கள். 1000க்குக் குறைந்த எண் என்றால் ஆப்ட் கீழ்ப் பதிப்புக்கு இறங்காது, 1000 போட்டால் இறங்கும். அதன் பிறகு ஃபயர்பாக்ஸை நிறுவுங்கள். இந்த 1000ஐ எல்லா பேக்கேஜுக்கும் போட்டுவிடாதீர்கள், ஃபயர்பாக்ஸுக்கு மட்டும்.

கேள்வி: பிரிஃபரன்சஸ்.டி-யில் கோப்பு போட்டும் ஒன்றும் மாறவில்லை.

பதில்: கோப்பின் பெயர் '.டிஎக்ஸ்டி' என்று முடிகிறதா? '.பிரெஃப்' அல்லது வால் இல்லாத பெயர்தான் செல்லும்.

கேள்வி: ரிப்போ வரியில் 'ஸ்டேபிள்' என்று எழுதலாமா, 'ட்ரிக்ஸி' (டெபியன் 13இன் பெயர்) என்றா?

பதில்: ட்ரிக்ஸி என்றே எழுதுங்கள். 2025 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டேபிள் என்பது புக்வோர்மிலிருந்து (டெபியன் 12) ட்ரிக்ஸிக்கு மாறியது. 'ஸ்டேபிள்' என்று எழுதியிருந்தால், அடுத்த முறையும் வழக்கமான அப்கிரேடிலேயே புது வெளியீடு வந்து இறங்கப் பார்க்கும்.