வேலையையும் பார்த்துக்கொண்டு முனைவர் பட்டம் படிக்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 37. 6 ஆண்டுகள் தமிழ்ச் செய்தித் துறையில் இருந்துவிட்டு, இப்போது ஒரு நிறுவனத்தின் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 4,000 வெள்ளி. முதுகலை முடித்திருக்கிறேன். தொடர்பியல், இதழியலில் முனைவர் பட்டம் வாங்க வேண்டும், பிறகு கற்பிக்கப் போக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கணவரும் வேலை பார்க்கிறார். தொடக்கப்பள்ளியில் இரண்டு பிள்ளைகள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் கடன் இருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழுக்க இணையம் வழியாகவே 2 ஆண்டுகளில் முடித்துவிடலாம், 9,000 வெள்ளிதான் என்கிறார் ஒரு முகவர். அதை எடுத்துக்கொள்வதா, இங்கேயே படிப்பதா, தமிழ்நாட்டில் பகுதிநேரமாகச் சேர்வதா? எனக்குக் கட்டுப்படியாகும் வழி எது?
— வாசகி, செங்காங், சிங்கப்பூர்

அன்புத் தங்கைக்கு,

முதலில் அந்த 9,000 வெள்ளியைக் கட்டாதீர்கள். இடத்தைப் பிடித்து வைக்க முன்பணம் கேட்டால் அதையும் கொடுக்க வேண்டாம். முகவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் நெறியாளர் யார், அவர் எழுதிய கட்டுரைகளை எங்கே படிக்கலாம்? ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித்தேர்வாளர்கள் எந்தப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறார்கள்? கடந்த ஆண்டு பட்டம் வாங்கியவர்களின் ஆய்வேடுகள் நூலகத்தில் கிடைக்குமா? நல்ல பல்கலைக்கழகம் என்றால் இந்த மூன்றுக்கும் ஒரே நாளில் பதில் வரும். "அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று இழுத்தால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்ன வெளிநாட்டுப் பட்டம் செல்லும், இன்னது செல்லாது என்று சொல்லித்தரும் ஒரு மத்திய அமைப்பு சிங்கப்பூரில் கிடையாது. ஏற்பதும் மறுப்பதும் வேலை கொடுப்பவரின் முடிவு. நீங்கள் கற்பிக்கப் போக நினைக்கிறீர்கள். நேர்காணலில் உட்கார்ந்திருப்பவர்களும் முனைவர் ஆய்வு செய்துவிட்டு வந்தவர்கள்தான். யாரிடம் படித்தீர்கள், எங்கே கட்டுரை வெளியிட்டீர்கள் என்று கேட்பார்கள். அப்போது நெறியாளரின் பெயரைச் சொல்லத் தயங்கும் நிலை உங்களுக்கு வரக்கூடாது.

அதற்காக இணையவழிப் படிப்பு எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை. தொலைவிலிருந்தே ஆய்வு செய்ய அனுமதிக்கும் நல்ல பல்கலைக்கழகங்கள் பிரிட்டனில் உண்டு. அமெரிக்காவிலும் முழு அங்கீகாரத்தோடு இணையத்தில் முனைவர் படிப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அமெரிக்கப் படிப்புகளில் விளம்பரத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். பெரும்பாலும் கிரெடிட், அதாவது பாட அலகுக் கணக்கில் பணம் வாங்குவார்கள். ஒரு கிரெடிட் 700 டாலர், மொத்தம் 60 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 42,000 அமெரிக்க டாலர். பாடங்களை முடித்த பிறகு ஆய்வேட்டை எழுத எழுத, ஒவ்வொரு பருவத்துக்கும் தொடர்ச்சிக் கட்டணம் வேறு கட்ட வேண்டியிருக்கும். எழுத்து இழுத்துக்கொண்டு போனால் பணமும் கூடவே போகும். இப்படி ஒரு படிப்பைப் பற்றி யோசித்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அமெரிக்கக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். மலேசியா என்றால் அந்நாட்டின் கல்வித் தகுதி முகமையான எம்க்யூஏவின் பதிவேட்டில் பாருங்கள்.

இந்தியாவைப் பொறுத்தவரை விதி தெளிவாகவே இருக்கிறது. முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 விதிமுறைகளில் எழுதியிருக்கிறது. குறைந்தது 3 ஆண்டுகள் படிக்க வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் உண்டு. ஆகவே "இந்தியப் பல்கலைக்கழகம், 2 ஆண்டு, முழுக்க இணையம்" என்று யார் சொன்னாலும் அது செல்லாது. பகுதிநேரப் படிப்புக்கு அனுமதி உண்டு. அதற்கு உங்கள் நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுக்க வேண்டும். படிக்க நேரம் இருக்கிறது, தேவைப்பட்டால் பாடவேலைக்காக வேலையிலிருந்து விடுவிப்போம் என்று அதில் எழுதித் தர வேண்டும். இதை மேலாளரிடம் இப்போதே பேசிவிடுங்கள். சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பேசினால் சங்கடமாகிவிடும்.

சரி, இனி உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான்.

உள்ளூரில் உங்கள் பாடத்துக்குப் பெரிய இடங்கள் இரண்டு. ஒன்று, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீ கிம் வீ தொடர்பு, தகவல் பள்ளி. செய்தியாளராக இருந்து பின்னர் நாட்டின் அதிபரானவரின் பெயர் அதற்கு வைத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். மற்றொன்று, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் தொடர்பு, புதிய ஊடகத் துறை. இரண்டிலும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மாதாமாதம் பணமும் வரும். குடிமக்களுக்குத் தொகை கூடுதல். ஆனால் அது முழுநேர மாணவர்களுக்கானது. அதை வாங்கிக்கொண்டு இப்போதைய வேலையையும் பார்க்க முடியாது. அப்புறம், சிங்கா என்று ஒரு உதவித்தொகை பற்றி யாராவது சொல்வார்கள். அது அறிவியல், பொறியியல் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கு உரியது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உதவித்தொகையை 4,000 வெள்ளியோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். இப்போது உங்கள் கைக்கு வருவது 3,200 வெள்ளிதான். 20 விழுக்காடு சிபிஎஃப் என்னும் மத்திய சேமநிதிக்குப் போய்விடுகிறது. உதவித்தொகையில் அந்தப் பிடித்தம் இல்லை. எனவே கைக்கு வரும் தொகையில் நீங்கள் பயப்படும் அளவுக்கு இறக்கம் இருக்காது. இறக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று உங்கள் பங்கு 800, முதலாளியின் பங்கு 680, ஆக மாதம் 1,480 வெள்ளி சிபிஎஃப் கணக்கில் விழுகிறது. முழுநேரம் படிக்கப் போனால் அது நின்றுவிடும். 4 ஆண்டுகளில் 71,040 வெள்ளி. உங்கள் வீட்டுக் கடன் சிபிஎஃப் சாதாரணக் கணக்கிலிருந்து கழிகிறதா? அப்படியானால் படிக்கும் காலம் முழுவதும் தவணை எங்கிருந்து வரும் என்பதைக் கணவரோடு உட்கார்ந்து, இரண்டு பேர் கணக்கையும் திறந்து வைத்துப் பாருங்கள். கணக்கில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம், அல்லது அவர் பங்கைக் கூட்டலாம் என்றால் முழுநேரம் உங்களுக்குக் கட்டுப்படியாகும். இல்லையென்றால் இப்போதைக்குப் பகுதிநேரம்தான்.

பகுதிநேரம் என்றால் தமிழ்நாட்டில் நல்ல துறைகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல், தொடர்பியல் துறை, மதுரை காமராசர், கோவை பாரதியார், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகங்களின் துறைகள் எல்லாம் பல ஆண்டுகளாக நடப்பவை. வெளிநாட்டவருக்கான கட்டணத்தைத் தனியாகக் கேளுங்கள். உறவினர் ஒருவர் கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விமானச் செலவும், அங்கே போய்த் தங்கும் வாரங்களும், அந்த வாரங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யார் என்பதும் கட்டணத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

மலேசியாவை நீங்கள் குறிப்பிடவே இல்லை. ஏனோ நம்மில் பலருக்கு அது நினைவுக்கே வருவதில்லை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் பள்ளி பேர் பெற்றது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறையும் இருக்கிறது, இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது. கட்டணம் ரிங்கிட்டில். நெறியாளரைப் பார்க்க வெள்ளி இரவு பேருந்து ஏறினால் ஞாயிறு மாலை வீட்டில் இருக்கலாம். உங்கள் நிலையில் நான் இருந்தால் சென்னைக்கு முன் இந்த இரண்டு ஊருக்கும்தான் எழுதிக் கேட்பேன்.

குடும்பத்தோடு இடம் மாற வழியிருந்தால் நியூசிலாந்தையும் பாருங்கள். அங்கே முனைவர் படிப்புக்கு வெளிநாட்டவரும் உள்ளூர்க்காரர்களின் கட்டணத்தையே கட்டுகிறார்கள். ஆனால் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் இருக்கும்போது இது பெரிய முடிவு. இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

பணத்துக்கு அடுத்தபடியாக நெறியாளர். என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் பகுதிநேரமாகத்தான் படித்தேன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தில். மூன்றாம் ஆண்டில் என் நெறியாளர் வேறு நாட்டுக்கு வேலை மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவருக்கு என் ஆய்வு முறையில் நம்பிக்கை இல்லை. எழுதி முடித்த இரண்டு இயல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். 4 ஆண்டு என்று நினைத்தது 7 ஆண்டானது. கூடுதல் ஆண்டுகளுக்கான கட்டணம் ஒருபுறம். என் மகள் தொடக்கநிலை 6 தேர்வு எழுதிய ஆண்டில் நான் பக்கத்து அறையில் அடிக்குறிப்பு திருத்திக்கொண்டிருந்தேன் என்பது இன்றும் மனத்தில் உறுத்துகிறது. ஆகவே ஒரே ஒருவரை நம்பிச் சேராதீர்கள். உங்கள் தலைப்பைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் துறையில் இரண்டு பேராவது இருக்க வேண்டும். நெறியாளராக வரப்போகிறவரிடம் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடமும் பேசுங்கள். இயலை அனுப்பினால் எத்தனை வாரத்தில் படித்துத் தருகிறார் என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

என்ன ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே தங்கை. உதவித்தொகைக்குப் போட்டியிட உங்களிடம் இருக்கும் பெரிய பலமே அதுதான். சிங்கப்பூர்த் தமிழ் ஊடகத்தைத் தமிழிலேயே படித்து ஆராயக்கூடியவர்கள் மிகக் குறைவு. சிங்கை நேசன் 1887இல் வந்தது, தமிழ் முரசு 1935இல் தொடங்கியது. நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற தேசிய நூலகத் தளத்தில் இரண்டும் இருக்கின்றன. பழைய தாள்கள் வேண்டாம், இன்றைய விஷயம்தான் பிடிக்கும் என்றால், தங்கும் விடுதியில் இருக்கும் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவருக்குச் செய்தி எந்த வழியாக வருகிறது, எதை நம்புகிறார், எதை விடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். 2020இல் கிருமித்தொற்று விடுதிகளில் பரவியபோது தமிழில் தகவல் போய்ச் சேர்வது உயிர் காக்கும் காரியமாக இருந்தது. செய்தி அறையில் 6 ஆண்டுகள் இருந்த உங்களைவிட இதைக் கேட்கத் தகுந்தவர் யார்? ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். தரவு தமிழில் இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கற்பிப்பதுதான் உங்கள் ஆசை என்றால், முனைவர் பட்டம் கட்டாயம் என்றில்லை. அங்கே முதுகலையோடு துறை அனுபவமும் இருப்பவர்களை எடுக்கிறார்கள். ஒரு பருவம் பகுதிநேர விரிவுரையாளராகப் போய்ப் பாருங்கள். வகுப்பறை பிடிக்கிறதா என்று தெரியும், மாதம் கொஞ்சம் பணமும் வரும். பல்கலைக்கழகத்தில்தான் கற்பிக்க வேண்டும், ஆய்வும் செய்ய வேண்டும் என்றால் பட்டம் தேவைதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். உங்கள் ஆய்வுக் கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். நன்யாங்கில் ஒருவர், தேசியப் பல்கலைக்கழகத்தில் ஒருவர், பினாங்கில் ஒருவர் என்று மூன்று ஆசிரியர்களுக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் அவர்கள் எழுதியதில் ஒரு கட்டுரையாவது படித்திருங்கள். பகுதிநேர மாணவர்களை எடுப்பார்களா, முழுநேரத்துக்கு உதவித்தொகை உண்டா என்று அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்த இரண்டு பக்கத்தை அனுப்பும் முன் நான் ஒருமுறை படிக்க வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
அக்கா