கத்திரி வெயிலும் கல்லூரிப் பிள்ளைகளும்: கேள்வி பதில்

கோவையில் ஒரு கல்லூரியின் முதலுதவி அறையில் 21 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். மார்ச் பிறந்துவிட்டால் என் அறையில் கட்டில் காலியாக இருக்காது. வெயிலைப் பற்றிக் கேளுங்கள் என்றதும் ஈரோடு, சேலம், திருப்பூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். அறைக்குள் முடங்கிக் கிடங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நுங்கும் கிணற்று நீச்சலும் இந்த மூன்று மாதத்தில்தானே கிடைக்கும்? காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை வெயிலுக்கு விட்டுக்கொடுங்கள். மற்ற நேரமெல்லாம் உங்களுக்கு.

குன்னூர்ப் பையனுங்க அக்கா. ஈரோட்டில் சேர்ந்து இதுதான் முதல் கோடை. கூடப் படிக்கிறவங்க சாதாரணமா நடமாடறாங்க, எனக்கு மட்டும் தலை சுத்துது. உடம்பில் ஏதாவது கோளாறுங்களா?

பெரும்பாலும் கோளாறு இல்லை, சாமி. உடம்பு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். வெயிலில் வேலை செய்ய உடம்பு பழகுவதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். சீக்கிரமாக வியர்க்கவும், வியர்வையில் உப்பை வீணாக்காமல் இருக்கவும் அதற்குள் கற்றுக்கொள்ளும். அதுவரை வெயிலில் 20 நிமிடம், அரை மணி நேரம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போ.

நீ இறங்கி வந்திருக்கும் ஊரும் லேசுப்பட்டதல்ல. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் உண்டு. ஈரோடு 200 மீட்டருக்கும் கீழே, அந்தக் காற்றின் குளிர்ச்சியும் அங்கே வந்து சேராது. கோடையில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம்தான். தலை சுற்றினால் உடனே நிழலில் படுத்துக் காலை உயர்த்தி வை. இரண்டு வாரம் கழித்தும் இப்படியே இருந்தால் டாக்டரிடம் போய் இரத்தச் சோகை, பிரஷர் இரண்டையும் பார்த்துவிடு.

மதியம் டர்ஃப்பில் கிரிக்கெட் ஆடினா வாடகை கம்மிங்க. தண்ணி பாட்டில் கொண்டு போறோம். அது போதாதா மேடம்?

போதாது தம்பி. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ஏப்ரல் மதியம் மைதானத்தில் துறைகளுக்கு இடையே மேட்ச். நாலு ஓவர் தொடர்ந்து போட்ட பையன் ஒருவன் வேப்ப மரத்தடியில் வந்து உட்கார்ந்தான். நண்பன் ஸ்கோர் கேட்டதற்கு, “அம்மா இன்னும் சோறு போடலையா?” என்றானாம். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் என்னைக் கூப்பிட ஓடி வந்தாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது உடம்பு அடுப்பில் வைத்த கல் மாதிரி கொதித்தது. சட்டையோ வியர்வையில் நனைந்திருந்தது.

இதைக் கவனமாகப் படியுங்கள். வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) என்றால் தோல் காய்ந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடியாடி வருகிற வெப்ப வாதத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறானா, நடை தள்ளாடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மூளைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அன்றைக்கு ஒருவனை 108-க்குப் பேசச் சொன்னேன். இன்னொருவன் ஷூவையும் சட்டையையும் கழற்றினான். பிட்சுக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைத் தலையிலிருந்து கால் வரை பிடித்தோம். கேன்டீனிலிருந்து வந்த ஐஸைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தோம். இரண்டு பேர் அட்டையை வைத்து விசிறிக்கொண்டே இருந்தார்கள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தன் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டான். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. வரும்வரை உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தடுமாறுகிறவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். பாராசிட்டமாலும் கொடுக்காதீர்கள், இது காய்ச்சல் இல்லை, மாத்திரைக்குக் கேட்காது.

வாடகை 200 ரூபாய் கூடினாலும் பரவாயில்லை, காலை 6 மணிக்கு ஆடுங்கள்.

எங்க காலேஜில் பெண்கள் கழிப்பறை சுத்தமா இருக்காதுங்க்கா. அதுக்குப் பயந்தே காலையிலிருந்து தண்ணி குடிக்கறதில்லை. வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன். தப்புங்களா?

உன் மேல் தப்பே இல்லை, கண்ணு. என் அறைக்கு எரிச்சலோடும் அடிவயிற்று வலியோடும் வருகிற பெண்களில் நிறையப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. தண்ணீர் குறைந்தால் மயக்கம் மட்டுமில்லை, சிறுநீர்த் தொற்றும் கல்லும் வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. டீத்தண்ணி நிறத்துக்குப் போனால் உடம்பு காய்கிறது என்று அர்த்தம்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நூலகம், அலுவலகக் கட்டடம், ஆசிரியைகள் பகுதி என்று எங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறதென்று பார்த்து வை, இடைவேளையில் அங்கே போ. ஆசிரியைகளிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்புறம், வகுப்புப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் ஒரு கடிதம் கொடுங்கள். இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை. மாதவிடாய் நாட்களில் இன்னும் கூடுதலாகத் தண்ணீர் குடி.

பீர் உடம்புச் சூட்டைத் தணிக்கும்னு சீனியர் சொல்றாருங்க.

தணிக்காது. சிறுநீரை அதிகமாகப் போகவைக்கும், மயக்கம் வருவதையும் தெரியவிடாது. எனர்ஜி டிரிங்க்கும் தாகத்துக்கு ஆகாது.

விடுதியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்க ரூம். ராத்திரி 2 மணிக்கும் ஃபேன் அனல் காத்துதான் அடிக்குது. பரீட்சை வேற வருது.

பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கக்கும். அதனால் பகலில் ஜன்னலைச் சாத்தித் திரையைப் போட்டு வையுங்கள், பொழுது சாய்ந்ததும் எதிரெதிர்க் கதவு ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். வார்டனிடம் பேசி மாடித் தரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்கள். செலவு குறைவு, வித்தியாசம் நன்றாகவே தெரியும். படுப்பதற்கு முன் குளித்துவிட்டு ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுங்கள். அறைச் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் ஃபேன் உடம்பை இன்னும் சூடாக்கும். ஈரம் இருக்க வேண்டும். படிப்பதை விடியற்காலை 4 மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், நாள் முழுவதிலும் விடியலை ஒட்டிய நேரம்தான் குளிர்ச்சி.

லீவுக்கு நண்பனோட தோட்டத்துக் கிணத்தில் நீச்சல் பழகலாம்னு இருக்கேன். வாய்க்கால் பக்கமாகவும் கூப்பிடறாங்க.

கிணற்றில் பழகு, சந்தோஷமாகப் பழகு. நானும் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு என் மாமா தோட்டத்துக் கிணற்றில்தான் பழகினேன். படி இருக்கிற கிணறாகப் பார்த்துக்கொள். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும், கயிறும் டியூபும் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வெயிலில் வேர்த்து வந்த உடனே குதிக்காதே, பாறை தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயாதே.

வாய்க்கால் வேண்டாம். கீழ்பவானியாகட்டும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலாகட்டும், மேலே சலனமில்லாமல் தெரியும், அடியில் இழுப்பு பலமாக இருக்கும். சிமென்ட் பூசிய சரிவில் பாசி பிடித்திருந்தால் கரையேறப் பிடிமானமே கிடைக்காது. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறும் அப்படித்தான். பில்லூர் அணையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் திறந்தால் முழங்கால் அளவு இருந்த இடம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளை மூழ்கடிக்கும். நண்பன் தத்தளித்தால் நீயும் குதிக்காதே. வேட்டியோ துப்பட்டாவோ கம்போ, எது கிடைக்கிறதோ அதை நீட்டு.

ஊட்டிக்கு டிரிப் போனா வெயிலே இல்லைங்களே, சன்ஸ்கிரீன் எதுக்கு?

குளிர்கிறது என்பதற்காக வெயில் இல்லை என்று ஆகாது. 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. தொப்பி போட்டுக்கொள். எஸ்.பி.எஃப். 30 என்று போட்ட சன்ஸ்கிரீன் தடவி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவு. சொந்த வண்டியில் போவதானால் ஆன்லைனில் முன்கூட்டியே வாங்கும் இ-பாஸ் விதியைப் பார்த்துவிட்டுக் கிளம்பு, 2024 மே முதல் அது நடைமுறைக்கு வந்தது.

மாசக் கடைசியில் இளநீருக்குக் காசு இருக்காதுங்க அக்கா. வேற என்ன குடிக்கலாம்?

பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், உப்பு குறைவு. வியர்வையில் போவது உப்பு. அதை ஈடுகட்ட உப்புப் போட்ட நீர்மோரே நல்ல கைமருந்து. ரொம்ப வேர்த்து உடம்பு துவண்டால், காய்ச்சி ஆறவைத்த 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கு. அளவைக் கூட்டாதே, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே. கடையில் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல்) என்று கேட்டு வாங்கினால் தூள் பாக்கெட்டாக வாங்கு, இனிப்பு ஜூஸ் டப்பா வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கம்மங்கூழ் இருக்கிறதே! முந்தின நாள் கரைத்துப் புளித்த கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு ஒரு சொம்பு குடித்தால் பசியும் அடங்கும், தாகமும் அடங்கும். தள்ளுவண்டியில் குடிக்கும்போது சொம்பை எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்கள் என்று மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள். ஐஸ் போடாமல் கேள்.