இளம் குவார்ட்டர்பேக்கின் தலைமைப்பண்பு பிறவிக் குணமா, மூத்தவரிடம் கற்பதா?

அமெரிக்கக் கால்பந்தில், ஒவ்வொரு நகர்வுக்கும் முன் திட்டத்தைச் சக வீரர்கள் பத்துப் பேருக்கும் அறிவித்து, பந்தை வீசுவதா கைமாற்றுவதா என்று நொடிகளில் முடிவெடுப்பவரே குவார்ட்டர்பேக். பதற்றமின்மையும் தன்னம்பிக்கையும் ஓரளவு இயல்பிலேயே அமைபவை. ஆனால் எதிரணியின் அணிவகுப்பைப் படிப்பதும், தோற்றுக்கொண்டிருக்கும்போது அணியைச் சிதறாமல் வைத்திருப்பதும் பழக்கத்தால் வருபவை என்பதே என் கணிப்பு. கல்யாணச் சமையலில் கைமணம் இயல்பாக வாய்த்த உதவியாளரும், ஐந்நூறு பேர் பந்தியைத் தடுமாறாமல் நடத்துவதைத் தலைமைச் சமையற்காரருடன் நின்றுதானே கற்கிறார்!

2017இல் கன்சாஸ் சிட்டி அணியில் சேர்ந்த இளம் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், அந்தப் பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் களமிறங்கி, மற்ற நேரமெல்லாம் மூத்தவரான அலெக்ஸ் ஸ்மித் ஆட்டத்துக்குத் தயாராகும் முறையை அருகிலிருந்து கவனித்தார். 2018இல் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் மிகச் சிறந்த வீரர் விருதையே வென்றார். அவருடைய கைவலிமை ஸ்மித் தந்ததன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூத்தவர் நிழலில் காத்திருந்தால்தான் தலைவர் உருவாவார் என்று பலர் எண்ணுவது சரியன்று: 1998இல் முதல் ஆட்டத்திலேயே களமிறக்கப்பட்ட குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங், அந்தப் பருவத்தில் 28 வீச்சுகளை எதிரணியிடம் பறிகொடுத்து, 3 வெற்றிகளே பெற்ற தம் அணியை அடுத்த பருவத்தில் 13 வெற்றிகளுக்கு இட்டுச்சென்றார்.