திரவப் படிக ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகளின் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. நீட் கைகொடுக்கவில்லை, மகளோ பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, திரவப் படிகத்தால் நோய் கண்டறியும் ஆராய்ச்சிக்குப் போவேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "அது டிவி திரையில் இருக்கிற சமாச்சாரம்தானே?" என்ற உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் அவள் சொல்வது கற்பனை இல்லை.

திரவப் படிகம் தண்ணீர் போல ஓடும். அதே சமயம் அதன் மூலக்கூறுகள் குச்சிகள் போல ஒரே திசை பார்த்து நிற்கும். ஒன்று திரும்பினால் பக்கத்தில் இருப்பவையும் திரும்பும். விஷயமே அதுதான். 5சிபி என்ற திரவப் படிக வகையை மெல்லிய படலமாக்கி, மேலே நீர் விட்டு, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகடுகள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து அவற்றின் வழியே நுண்ணோக்கியில் பார்த்தால் வெளிச்சமாகத் தெரியும். சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்தால் நீர்ப்பக்கம் படுத்திருந்த குச்சிகள் நிமிர்ந்துகொள்ளும், படலம் இருண்டுவிடும். நோயைக் காட்டும் புரதம் வந்து அந்தப் பரப்பின் ஒழுங்கைக் கலைத்தால் மறுபடி வெளிச்சம். சாயம்கூட ஏற்ற வேண்டாம். புரதம் ஒட்டுவதைத் திரவப் படிகத்தால் கண்ணுக்குத் தெரியவைக்கலாம் என்று அமெரிக்காவின் நிக்கோலஸ் ஆபட் குழு 1998-லேயே காட்டிவிட்டது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராத இடம் இது.

சரி, வேலை? மறைக்காமல் சொல்கிறேன். ரத்தத்தில் வேறு புரதங்களும் ஏராளம். அவையும் வந்து ஒட்டிக் குழப்பும். அதனால் இந்த முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் ரத்தப் பரிசோதனை லேபில் இதற்கென்று ஆள் எடுக்க மாட்டார்கள். ஆகவே பெயரில் கவர்ச்சியான குறும்படிப்பு எதிலும் பணம் கட்ட வேண்டாம். அடிப்படை வேதியியலே போதும், கூடவே கொஞ்சம் உயிர்வேதியியல். மூன்றாம் ஆண்டில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு, அதன் வழியே ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையுடன் பிஎச்.டி. செய்யலாம். பஞ்சாபின் மொஹாலியில் உள்ள ஐசர் என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனத்தில் இதே துறையில் ஆய்வு நடக்கிறது. பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனம் திரவப் படிகத்துக்கே பேர்போனது. தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977-ல் கண்டது அங்கேதான்.

மொத்தத்தில் பத்து வருடப் பயணம். எம்.எஸ்சி.யோடு நிறுத்தினாலும் பரிசோதனைக் கிட் தயாரிக்கும் நிறுவனங்கள், மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு என்று முயற்சி செய்ய இடம் உண்டு.

சேர்க்கைக்கு முன் மகளோடு அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, போன வாரம் ஆய்வகத்தில் தன் கையால் என்ன செய்தார் என்று கேளுங்கள்.