தோட்டா ஒன்று பன்னிரண்டு டாலரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் மிசூரியில் கொலம்பியா பக்கம் இருக்கிறோம். போன வசந்தத்தில் அலுவலக நண்பர் ஒருவர் காட்டு வான்கோழி வேட்டைக்குக் கூட்டிப் போனார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. இந்த ஏப்ரலில் நானும் என் மனைவியும் சொந்தமாகப் போகலாம் என்றிருக்கிறோம். என்னிடம் 12 கேஜ் ஷாட்கன், அவளிடம் அதைவிடக் குழாய் சிறுத்த 20 கேஜ். கடையில் டிஎஸ்எஸ் என்று போட்ட தோட்டா, ஐந்து கொண்ட பெட்டி 60 டாலர். அதற்குக் கீழ்த்தட்டிலேயே ஈயத் தோட்டா, பத்து கொண்ட பெட்டி 25 டாலர். நண்பர், "டிஎஸ்எஸ் இல்லாமல் காட்டுக்குள் காலை வைக்காதே" என்கிறார். இவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா?

பதில்: உங்களுக்கு வேண்டாம் தம்பி. உங்கள் மனைவிக்கு வாங்குங்கள்.

ஒரே வீட்டில் இரண்டு நியாயமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. வேலையில் இருந்த காலமெல்லாம் உலோகத்தோடு புழங்கியவன் நான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

டிஎஸ்எஸ் என்றால் டங்ஸ்டன் சூப்பர் ஷாட். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் சுமார் 11 கிராம் இருக்கும். எஃகு 8 கிராம்கூட வராது. இந்த டங்ஸ்டன் கலவை 18 கிராம். கனமான உலோகமாக இருந்தால் ரவையை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னக் குண்டுகளை, இன்னும் சின்னதாகச் செய்தாலும் அதே ஆழத்துக்கு இறங்கும். ரவையின் எண் கூடக் கூட அளவு குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஈயத்தில் 5ஆம் நம்பர் ரவை 3 மில்லிமீட்டர் குறுக்களவு, டங்ஸ்டனில் 9ஆம் நம்பர் 2 மில்லிமீட்டர்தான். ஆனால் துளைத்துப் போவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இப்போது ஒரு அவுன்ஸை எண்ணிப் பாருங்கள். ஈயம் 5ஆம் நம்பரில் சுமார் 170 ரவை, டங்ஸ்டன் 9ஆம் நம்பரில் சுமார் 360. அந்த விலையில் நீங்கள் வாங்குவது இந்த எண்ணிக்கையைத்தான். வேகம், சக்தி என்று பெட்டியில் போட்டிருப்பதெல்லாம் அப்புறம்.

எண்ணிக்கை எதற்கு? வான்கோழியை உடம்பில் சுடுவதில்லை. அடுக்கடுக்கான இறகும் இறக்கை எலும்பும் மறித்துக்கொள்ளும், இறைச்சியும் கெடும். குறி தலையும் கழுத்தும்தான். மூளையும் கழுத்தெலும்பும் மிகக் குறுகலான குறி. அதுவும் ஒரு நொடி சும்மா நிற்காது. அதனால்தான் 40 யார்டு தூரத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் நூறு ரவையாவது விழ வேண்டும் என்று இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் 12 கேஜுக்கு இந்தக் கணக்கு ஈயத்திலேயே தேறிவிடும். அதன் தோட்டாவில் 1¾, 2 அவுன்ஸ் வரை ஈயம் பிடிக்கும். 2 அவுன்ஸ் என்றால் 340 ரவை. ஈயத்தின் பிரச்சினை வேறு: அது மெத்தென்ற உலோகம். மருந்து வெடிக்கும் அழுத்தத்தில் பின்வரிசை ரவைகள் நசுங்கும், நசுங்கியவை காற்றில் கோணிக்கொண்டு விலகிப் போகும். அதற்குத்தான் செம்பு முலாம் பூசினார்கள். வின்செஸ்டர் கம்பெனிக்காரர்கள் லாங்பியர்ட் எக்ஸ்ஆர் என்ற தோட்டாவில் இன்னொன்று செய்தார்கள். ரவைகளுக்கு இடையே பிசின் ஊற்றி இறுக்கிவிட்டார்கள். சுடும்போது அந்தப் பிசின் பொடியாகி, ரவைகள் நசுங்காமல் தாங்கிக்கொள்கிறது. நீங்கள் பார்த்த கீழ்த்தட்டுப் பெட்டி அதுவாகவோ அதைப் போன்றதாகவோ இருக்கும். சரியான சோக் குழாய் (ரவை சிதறாமல் இறுக்க, துப்பாக்கிக் குழாயின் நுனியில் போடுவது) போட்ட 12 கேஜில் 40 யார்டுக்கு அதுவே தாராளம்.

அப்படியானால் உங்கள் துப்பாக்கியில் டிஎஸ்எஸ் கூடுதலாக என்ன தரும்? 50, 60 யார்டு தூரம் தரும். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இந்த வேட்டையின் ருசியே மரப்பெட்டியைத் தேய்த்துப் பெட்டை மாதிரி கூப்பிட்டு, சேவலைக் கிட்டத்தில் வரவழைப்பதுதான். தூரத்திலேயே சுட்டுவிடலாம் என்றால் அந்த மரப்பெட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கூப்பிடுவானேன்? போதாததற்கு, விடியல் வெளிச்சத்தில் மரங்களுக்கு நடுவே 45 யார்டு எது, 60 யார்டு எது என்று கண்ணால் சொல்லிவிடுகிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. தோட்டா தூரம் போகும் என்ற தைரியத்தில் சுட்டு, அடிபட்ட பறவை புதருக்குள் ஓடி மறைந்தால் அது உங்களுக்கும் இல்லை, காட்டுக்கும் இல்லை.

கிட்டத்திலும் ஒரு வம்பு உண்டு. இறுக்கமான சோக் போட்டு டிஎஸ்எஸ் சுட்டால் 10, 15 யார்டில் ரவை முழுக்க ஒரு உள்ளங்கை அளவுக்குள் போகும். கை கொஞ்சம் ஆடினால் மொத்தமும் தவறிவிடும். கூப்பிட்டதும் மடியில் வந்து உட்காருகிற மாதிரி வருகிற சேவல்களும் இருக்கின்றன.

இனி உங்கள் மனைவி விஷயம். 20 கேஜ் தோட்டா சின்னது. ஈயம் 1¼ அவுன்ஸ், 5ஆம் நம்பரில் 210 சொச்சம் ரவை. 30 யார்டுக்கு மேல் அதை நம்பிச் சுட நான் சொல்லமாட்டேன். அதே 20 கேஜில் 1½ அவுன்ஸ் டங்ஸ்டன் 9ஆம் நம்பர் போட்டால் 540 ரவை. உங்கள் 12 கேஜ் ஈயத்தையே தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும், இன்னும் சின்னக் குழாய் கொண்ட 410 துப்பாக்கி இருக்கிறதே, அதற்கான 13/16 அவுன்ஸ் டங்ஸ்டன் தோட்டாவில் சுமார் 290 ரவை. 12 கேஜில் 1¾ அவுன்ஸ் ஈயமும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஃபெடரல் என்ற தோட்டா நிறுவனம் 2018இல் டிஎஸ்எஸ்ஸைப் பெட்டி போட்டுக் கடைக்குக் கொண்டுவந்த பிறகு, தோள்வலிக்காரர்களும் பிள்ளைகளும் இந்த வேட்டைக்குள் வந்தது இதனால்தான். இதற்காகக் காசு கொடுப்பதில் எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஒரு எச்சரிக்கை: எடை குறைந்த 20 கேஜில் 1½ அவுன்ஸ் போட்டால் நன்றாகவே உதைக்கும். முதல் தடவை வெறுந்தோளில் சுடக் கொடுத்து பயமுறுத்திவிடாதீர்கள், அதற்குப் பிறகு ட்ரிகரைத் தொடும்போதெல்லாம் கண்ணை மூடுவார். உங்களுக்கும்தான், மூன்றரை அங்குல நீளத் தோட்டாவை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை மூன்று அங்குலம் என்றால் அதைப் போடவே கூடாது.

காசைப் பற்றியும் நேர்மையாகப் பேசிவிடுவோம். மிசூரியில் வசந்தப் பருவம் மூன்று வாரம். ஆளுக்கு இரண்டு பறவைதான், முதல் வாரத்தில் ஒன்றுக்கு மேல் கூடாது. ஆக, பறவைமேல் செலவாவது ஓரிரு தோட்டா. ஓசார்க் மலைப்பக்கம் ஒருமுறை போய்வரும் பெட்ரோல் காசு அந்தத் தோட்டாவைத் தாண்டிவிடும். அதனால் உங்களுக்கு டிஎஸ்எஸ் வேண்டாம் என்பது சிக்கனத்துக்காக அல்ல. பன்னிரண்டு டாலர் தோட்டாவைத் தாளில் சுட்டுப் பார்க்க யாருக்கும் கை வருவதில்லை. பெட்டியை வாங்கி, ஒன்றையும் சோதிக்காமல், நேரே காட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இரண்டரை டாலர் தோட்டா என்றால் பெட்டியில் பாதியைத் தாளுக்கே கொடுப்பீர்கள். தன் துப்பாக்கி எங்கே அடிக்கிறது என்று தெரிந்தவன் கையிலுள்ள ஈயத்துக்கு, தெரியாதவன் கையிலுள்ள டங்ஸ்டன் ஈடாகாது.

தாளில் சுடுவது பெரிய வித்தை இல்லை. டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, வெள்ளைத் தாள் ஒட்டி, நடுவில் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். 40 யார்டை டேப் வைத்தோ ரேஞ்ச்ஃபைண்டரிலோ அளந்துகொள்ளுங்கள். நின்றுகொண்டு சுடாதீர்கள். காட்டில் மரத்தில் முதுகைச் சாய்த்து முழங்காலில் துப்பாக்கியைத் தாங்கித்தான் சுடப்போகிறீர்கள், இங்கேயும் அப்படியே உட்காருங்கள். சுட்ட பிறகு, ரவை எங்கே அடர்ந்து விழுந்திருக்கிறதோ அங்கே ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். நம் வீட்டுச் சாதத் தட்டு பெரும்பாலும் 10 அங்குலம்தான். உள்ளே எத்தனை ஓட்டை என்று எண்ணுங்கள். எண்ணுவதைவிட முக்கியமாக, அந்த வட்டம் புள்ளிமேல் இருக்கிறதா, ஒரு சாண் இடப்பக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் எவ்வளவு விலைத் தோட்டாவும் உங்களைக் காப்பாற்றாது, குறிநோக்கியைத் திருத்த வேண்டும். அப்புறம் 20 யார்டில் ஒன்று. ஒரே கம்பெனி, ஒரே நம்பர் தோட்டா அடுத்தவர் துப்பாக்கியில் எப்படி விழுந்தது என்பது உங்களுக்கு உதவாது. ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு குணம்.

உங்கள் மனைவியின் துப்பாக்கிக்குக் குறி சரிபார்ப்பதைப் புறாவுக்குச் சுடும் மலிவு ஈயத் தோட்டாவில் முடித்துக்கொண்டு, கடைசியாக டிஎஸ்எஸ் இரண்டு மட்டும் சுடச் சொல்லுங்கள். டங்ஸ்டன் மிகக் கடினம் என்பதால் அவருடைய சோக் குழாய்க்கு அது ஏற்றதா என்று துப்பாக்கிக் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இரண்டு கேஜும் ஒரே வீட்டில் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. 20 கேஜ் தோட்டாவைத் தவறி 12 கேஜில் போட்டால் அது அறையில் நிற்காமல் நழுவி, குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12ஐப் போட்டுச் சுட்டால் குழாய் வெடித்துக் கை போய்விடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான். ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு தோட்டா. ஒருவர் சட்டைப்பையில் இரண்டும் இருக்கவே கூடாது.

இன்னொன்று: நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயத்தை 1991 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டார்கள். வான்கோழிக்கு அந்தத் தடை பொதுவாக இல்லை, ஆனால் சில பொது நிலங்களில் எந்த வேட்டைக்கும் ஈய ரவை கூடாது. நீங்கள் போகும் இடம் அப்படிப்பட்டது என்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு உங்களுக்கும் டங்ஸ்டனே வாங்குங்கள்.

கேள்வி: டங்ஸ்டன் தோட்டா விலை இறங்கும் வரை பொறுக்கலாமா?

பதில்: பொறுத்தால் உங்களுக்குத்தான் வயதாகும். உலகத்தில் தோண்டியெடுக்கும் டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் அவர்கள் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். வெட்டுக்கருவிக்கும் ராணுவத்துக்கும் போக மிச்சம்தான் வான்கோழிக்கு.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்காமல் நண்பருடையதை இரவல் வாங்கி வேட்டைக்குப் போகலாம் அல்லவா?

பதில்: இரவல் என்பதால் சட்டம் விட்டுவிடாது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. சொந்தமா இரவலா என்ற பேச்சே அதில் இல்லை. விதிவிலக்குகளில் நமக்கு உதவுவது ஒன்று: ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருக்க வேண்டும். உரிமம் முடிந்த அன்று விதிவிலக்கும் முடிந்தது, அலமாரியில் கிடக்கும் ஒற்றைத் தோட்டாகூட வம்புதான். மிசூரியில் 1967 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். முதலில் அந்தப் பயிற்சி, பிறகு உரிமம், அதற்கப்புறம்தான் துப்பாக்கியைத் தொடுவது. கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர் என்றால் ஒரு குடியேற்ற வக்கீலிடமும் கேட்டுவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

கேள்வி: காட்டு வான்கோழியின் நெஞ்சுக்கறி அருமையாக இருந்தது. கால் மட்டும் வேகவே இல்லை. தூக்கிப் போட்டுவிட்டோம்.

பதில்: ஐயோ, ருசியே காலில்தான். நாள் முழுக்க நடக்கிற பறவை, பண்ணைக் கோழி நேரத்துக்கு வேகாது. மிளகு, சீரகம், இஞ்சி அரைத்துப் போட்டு குக்கரில் முக்கால் மணி நேரம் விடுங்கள். ஆறியதும் எலும்பிலிருந்து உதிர்த்து, கம்பி மாதிரி இருக்கும் நரம்புகளை உருவியெடுத்துவிட்டு, சின்ன வெங்காயத்தோடு சுக்காவாக வறுங்கள். உதிர்க்கும்போது விரலால் தடவிப் பார்க்க மறக்காதீர்கள். ஈய ரவை பல்லில் பட்டால் நசுங்கும், ஆனால் வயிற்றுக்குள் போகக் கூடாது. டங்ஸ்டன் ரவை நசுங்காது, பல்தான் உடையும்.